உப்பளத்துக்கு வந்த சைக்கிள் சாவி

மரக்காணம்,
23.1.2005

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

நானும் அம்மாவும் உயிரோடும் கை கால் சுகத்தோடும் இருக்கிறோம். இதை முதல் வரியாக எழுத வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். சித்தார்த்தனின் அம்மா சவரியம்மாளும் நலம். கையில் போட்டிருந்த கட்டைப் போன வாரம் அவிழ்த்துவிட்டார்கள்.

அன்றைக்குத் திண்டிவனத்தில் போனில் நீ "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாய். நான் ஒன்றும் பேசாமல் ரிசீவரைச் சவரியம்மாள் கையில் கொடுத்துவிட்டு பூத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அதைக் கோபம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். கோபம் இல்லை இலக்கியா. தொண்டையில் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வரும் என்று தோன்றியது. அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

நீ அனுப்பிய சாமான் எப்படி வந்து சேர்ந்தது என்று போனில் சவரியம்மாளிடம் கேட்டிருந்தாய். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன அக்டோபர் மாதம், மழை பிடிப்பதற்கு முன்னால் உப்புக் குவியல்களுக்குக் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தோம். வரப்பு மேல் ஒரு வெள்ளைக்கார அம்மா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் செல்போன் மாதிரி ஒரு மஞ்சள் கருவி. அதைப் பார்ப்பதும் நாலு அடி நடப்பதும் மறுபடியும் பார்ப்பதுமாக நேராக நம் மோட்டார் கொட்டகைக்கு வந்து நின்றார். மோட்டார் பார்க்கும் முருகையன் சர்வே செய்ய வந்தவர் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அந்த அம்மா உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க கலியமூர்த்தி?" என்றார். ஆமாம் என்றேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மெல்லிய தகரத்தில் நம்பர் அடித்த ஒரு சின்னத் தகடு, அதோடு மணி மணியாகக் கோத்த ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு சாவி.

சாவியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கும்போது உனக்கு வாங்கித் தந்த லேடீஸ் சைக்கிளின் சாவி. தலையில் பச்சை பெயின்ட் தீற்றியிருப்பாய். நீ சித்தார்த்தனோடு போன அன்றைக்குப் பூட்டிய சைக்கிள், கூடத்துக்குப் பின்னால் அப்படியேதான் நின்றது. பூட்டை உடைத்து எடுத்துவிடலாம் என்று முருகையன் இரண்டு தடவை சொன்னான். நான் விடவில்லை.

அந்த அம்மாவிடம் நான் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. எனக்குப் பெண் யாரும் இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவருக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. "பொண்ணு... ஜெர்மனி... இது உங்க" என்று மறுபடி மறுபடி அதையே சொன்னார். ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். கும்பிட்டார். மொபெட்டை வரப்பிலேயே திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் கூட நான் கொடுக்கவில்லை. வெயில் வேறு அன்றைக்கு.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். துணி துவைக்கும்போது அம்மா எடுத்துவிட்டாள். சாவியையும் தாளையும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நான் காலை எட்டு மணிக்கு உப்பளம் போயிருந்தேன். பாத்திகளில் நின்ற மழைத் தண்ணீரை வடிக்கும் வேலை. ஒன்பது மணிக்கு மேல் ஓடையில் தண்ணீர் தலைகீழாக, கடல் பக்கமிருந்து உள்ளே வருவதை முருகையன்தான் முதலில் பார்த்தான். "மொதலாளி, ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினான். ரோட்டு மேட்டைப் பார்த்து ஓடினோம். பாதி வழியில் இடுப்புக்கு வந்துவிட்டது. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. ரோட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. ஊருக்குள் நம் தெரு வரைக்கும் தண்ணீர் வரவில்லை. ஆனால் நான் வீடு போய்ச் சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அதுவரை அம்மா வாசலிலேயே நின்றிருக்கிறாள். குப்பங்களில் போனவர்களைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

இரண்டு நாள் யாருக்கு யார் என்று தெரியாத நிலை. போன் வேலை செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அம்மா அந்தத் தகட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். டி.வி.யில் மரக்காணம் என்று பெயர் வந்திருக்கும், அந்தப் பெண் அங்கே என்ன பாடுபடுகிறதோ என்றாள். உன் விலாசம் எங்களிடம் இல்லை. இருக்காதபடி செய்தவன் நான்தான். நீ அம்மாவுக்கு எழுதிய இரண்டு கடிதத்தையும் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இதுல நம்பர் இருக்குதுங்க. நம்பர்னு ஒண்ணு இருந்தா அதுக்குச் சொந்தக்காரி எங்க இருக்கான்னு ஒரு வழி இருக்காதா?" என்றாள் அம்மா.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நிறுத்தி இன்னொன்றும் சொன்னாள். "நாம பத்திரமா இருக்கோம்னு மட்டும் சொன்னா, அந்தப் புள்ள சித்தார்த்தன் தன் அம்மாவைப் பத்திக் கேக்காதா?"

உண்மையைச் சொல்கிறேன் இலக்கியா. அதுவரை எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சவரியம்மாள் பதினெட்டு வருடம் நம் உப்பளத்தில் உப்பு வாரியவர். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில்தான் அவர் குடிசை. என் பாத்தி போனதை நினைத்தேன், மோட்டார் போனதை நினைத்தேன், அவரை நினைக்கவில்லை.

தப்பித்தவர்களைப் பிரம்மதேசம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. அப்போதுதான் உன் சாவியால் சைக்கிளைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டதும் திறந்துகொண்டது. டயரில் காற்று இல்லை, பம்பு கடன் வாங்கி அடித்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் லேடீஸ் சைக்கிளில் போவதை வேறு ஒரு நாளாக இருந்தால் ஊரே நின்று பார்த்திருக்கும். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

சவரியம்மாள் பள்ளிக்கூட மரத்தடியில் ஒரு கையில் கட்டோடு, இன்னொரு கையால் முகாமுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனவர், அதனால்தான் பிழைத்தார். ஓடி வரும்போது விழுந்து கை பிசகியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கெட்ட சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "மொதலாளி, வூட்ல அம்மா நல்லாக்கீறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். தன் வீடு போனவர் என் வீட்டைக் கேட்கிறார்.

பையன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். பைபிளுக்குள் எழுதி வைத்திருந்தாராம், வீட்டோடு போய்விட்டது. சித்தார்த்தன் வாரா வாரம் கூப்பிடும் கடைப் போனும் கடையும் இல்லை. தகட்டைக் காட்டி, திண்டிவனம் போய்ப் பார்க்கலாம் என்றேன். பூண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உடனே புறப்பட்டுவிட்டார்.

பிரம்மதேசத்தில் பஸ் கிடைத்தது. என் பக்கத்து சீட் காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு கையால். "ஏம்மா, சீட்டு காலியா இருக்குது, உக்காராம இன்னா பண்றே?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். "உக்காருங்க" என்றேன். அந்த "ங்க" என் வாயிலிருந்து அவருக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டு பேரும் அதைக் கவனித்தோம். திண்டிவனம் வரைக்கும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லூர்துமேரி என்று ஒரு பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். வெள்ளைக்கார அம்மா கொடுத்த தாளைப் படித்துப் பார்த்து, தகட்டில் இருந்த நம்பரை அடித்தார். கம்ப்யூட்டரில் உன் பக்கம் திறந்தது. லூர்துமேரி முதலில் தனக்குள் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார். "என் அப்பா கடிதம் வாங்குவதில்லை. அதனால் இதை முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். யார் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரம் எடுத்துப் போங்கள். மரக்காணத்தில் ஒரு உப்பளம் இருக்கிறது. அங்கே கலியமூர்த்தி என்பவர் கையில் சேர்த்துவிடுங்கள்." இப்படி நீ எழுதியிருந்தாய். 2003 மே மாதம் தேதி போட்டிருந்தது.

அதற்குக் கீழே வரிசையாக வேறு வேறு ஆட்கள் எழுதியிருந்ததையும் படித்தார். ஜெர்மனியில் ஒரு காட்டில் யாரோ ஒளித்து வைத்த பெட்டியில் நீ வைத்தாய். ஒருவர் சுவிட்சர்லாந்துக்கு எடுத்துப் போய் பனி மலை உச்சியில் போட்டோ எடுத்திருக்கிறார். வெள்ளை வெளேரென்ற பனிக்கு நடுவில் உன் பச்சைச் சாவி. அங்கிருந்து போர்ச்சுகலில் ஒரு கலங்கரை விளக்கம். அப்புறம் திரும்பவும் வடக்கே போய்விட்டது. எடுத்துப் போன ஆள் தவறான பக்கம் கொண்டுவந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு விமானி சிங்கப்பூர் கொண்டுவந்தார். அங்கே ஒரு பூங்காவில் நாலு மாதம். பெங்களூரிலிருந்து போன ஒரு குடும்பம் அதை எடுத்து வந்து நந்தி மலையில் வைத்தது. கடைசியில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு சவுக்குத் தோப்பு. அங்கிருந்து எடுத்தவர்தான் நான் தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பிய யோஹானா அம்மா.

பதினேழு மாதம். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் என்னைத் தெரியாது, உன்னைத் தெரியாது. ஒருவர் கூட வழியில் போட்டுவிட்டுப் போகவில்லை.

யோஹானா அம்மா கடைசியாக எழுதியிருந்ததை லூர்துமேரி கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "சேர்த்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் திருப்பித் தரவும் இல்லை."

நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பதில் எழுத ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாம். லூர்துமேரியே "உப்பளம்" என்று ஒரு பெயரைப் போட்டார். என்ன எழுத என்று கேட்டார். ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடிக்கச் சொன்னேன். அப்பா, அம்மா, சவரியம்மாள், மூவரும் பத்திரம். அவ்வளவுதான். பத்து மணி முப்பத்தைந்து. அங்கே விடியற்காலையாக இருக்கும், தூங்கிக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம் வந்து பாருங்கள் என்றார் லூர்துமேரி. சவரியம்மாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பதில் வந்துவிட்டது. "அப்பா" என்று மட்டும் மூன்று தடவை, அதற்குக் கீழே போன் நம்பர். நீங்கள் தூங்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

அதற்கு மேல் நடந்தது உனக்கே தெரியும்.

சவரியம்மாள் இப்போது நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். வர மாட்டேன் என்றுதான் சொன்னார். அம்மா போய் அழைத்து வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள். சித்தார்த்தனைக் கேட்டதாகச் சொல். இதற்குப் பதில் எழுது. வருகிற கடிதத்தைப் பிரித்துப் படிப்பேன்.

உன் அப்பா
கலியமூர்த்தி


மரக்காணம்,
4.9.2005

அன்புள்ள இலக்கியாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

நீங்கள் கொடுத்தனுப்பிய மஞ்சள் கருவி யோஹானா அம்மா மூலம் ஜூலையிலேயே வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அவருக்கு வஞ்சிர மீன் குழம்பு சாப்பாடு. சாப்பிட்டு முடித்துவிட்டு, அன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் தனக்கு மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை, பயத்தில் தள்ளிக்கொண்டே போனதாகச் சைகையும் தமிழுமாகச் சொன்னார். அம்மா சிரித்து சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்கு பார்க்கப் பயமாக இருந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று யோஹானா அம்மா மூன்று மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைப் பார்த்து நாம் நிற்கும் இடத்தை இது நம்பராகச் சொல்கிறது. உலகம் பூராவும் உங்களை மாதிரிப் பொழுதுபோக்குக்காரர்கள் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு அந்த இடத்து நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுகிறார்கள். தேடிப் போகிறவர்கள் பெட்டியைத் திறந்து நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். தகடு கட்டிய சாமான் உள்ளே இருந்தால் அடுத்த பெட்டிக்கு எடுத்துப் போகலாம். நான் புரிந்துகொண்டது சரிதானே? இதில் யாருக்கு என்ன லாபம் என்று முருகையன் கேட்டான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அம்மாவும் பஸ் ஏறிவிட்டோம்.

முதலில் போனது பெரிய முதலியார்சாவடி சவுக்குத் தோப்பு. உன் சாவி கடைசியாக இருந்த பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கருவியில் அம்புக்குறி காட்டும் பக்கம் போனோம். இன்னும் பதினைந்து மீட்டர் என்றது. பத்து என்றது. திரும்பவும் இருபது என்றது. ஒரே மரத்தை ஐந்து தடவை சுற்றினேன். கருவி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு பட்டுப்போன அடிமரத்துப் பக்கம் போய் நின்றாள். "கல்லு தானா இப்படி அடுக்கிக்காதுங்க" என்றாள். கல்லை எடுத்தால் உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அம்மா போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

உள்ளே ஒரு நோட்டு. யார் யாரோ எந்த எந்த நாட்டிலிருந்தோ வந்து எழுதியிருக்கிறார்கள். யோஹானா அம்மா கையெழுத்தும் இருந்தது. நாங்கள் இருவரும் தமிழில் கையெழுத்துப் போட்டோம். எதையாவது எடுத்தால் எதையாவது வைக்க வேண்டுமாம். அம்மா ஒன்றும் எடுக்கவில்லை. தலையில் இருந்த ஒரு புது ஹேர்பின்னை மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் கூனிமேட்டில் ஒன்று. அது யோஹானா அம்மாவே புதிதாக வைத்தது. கடற்கரைப் பக்கம் குனிந்து குனிந்து நாங்கள் தேடுவதைப் பார்த்துவிட்டு டீக்கடை பாய் வந்தார். "இன்னா தொலைச்சீங்கம்மா, கம்மலா?" என்று அம்மாவைக் கேட்டார். வெளியே சொல்லக் கூடாது என்பது விதியாமே, அதனால் அம்மா முழித்தாள். அவ்வளவுதான், கம்மல் தொலைந்துவிட்டது என்று கடையில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் வந்து மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். கடைசியில் அம்மா இரண்டு காதையும் காட்டி, கம்மல் இரண்டும் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. "அப்ப இன்னாதான் தேடுறீங்க?" என்றார் பாய். காற்று வாங்க வந்தோம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பெட்டி இன்னும் பாக்கி.

செஞ்சிக் கோட்டைக்குப் போனபோது சவரியம்மாளையும் அழைத்துப் போனோம். மேலே ஏற முடியாது, அம்மாவுக்கு முட்டி வலி. நல்ல வேளையாகப் பெட்டி அடிவாரத்திலேயே பாறை இடுக்கில் இருந்தது. கை விட்டு எடுத்தது சவரியம்மாள். நானும் அம்மாவும் பாம்பு இருக்கும் என்று பயந்து நின்றோம். அவர் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். உள்ளே தகடு கட்டிய ஒரு மரத் தவளை. கனடாவிலிருந்து புறப்பட்டதாம். உப்புத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் ஆசை என்று சீட்டில் எழுதியிருந்தது. சவரியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியா? நம்மகிட்டதானே வரணும்" என்றார்.

கொண்டுவந்து நம் பாத்தியில் உட்கார வைத்தோம். யோஹானா அம்மா போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் தவளைக்கு உள்ள பக்கத்தில் போட்டுவிட்டார். கனடாவில் அதன் சொந்தக்காரர் பதில் எழுதியிருக்கிறாராம். வாத்தியார் வேலையில் இருப்பவர். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் போட்டோவைக் காட்டி, உப்பு எங்கிருந்து வருகிறது என்று பாடம் நடத்தப் போகிறாராம். தவளையை முதலியார்சாவடிப் பெட்டியில் வைத்தோம். இப்போது கொழும்புக்குப் போய்விட்டது என்று லூர்துமேரி போன் செய்து சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேளாங்கண்ணி போகிற வழியில் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறினால் போகிற ஊரைத் தவிர வேறு நினைப்பு இருக்காது எனக்கு. இப்போது ஜன்னல் வழியாகப் பாழடைந்த மண்டபம், ஒற்றைப் பனை, பாலத்துக்கு அடியில் ஒரு பொந்து, எதைப் பார்த்தாலும் இங்கே ஒன்று வைக்கலாமே என்று தோன்றுகிறது. அம்மாவும் அப்படித்தான். நேற்று என் தங்கை வீட்டுக் கிணற்றடியைப் பார்த்துவிட்டு என் காதில் வந்து சொல்கிறாள்.

உப்பளம் பற்றிக் கேட்டிருந்தாய். சேறு வாரி எடுக்கவே மூன்று மாதம் ஆயிற்று. இந்த வருடம் உப்பே எடுக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மே கடைசியில் நாலு பாத்தியில் மட்டும் எடுத்தோம். முதல் நாள் வாரியதைச் சவரியம்மாள் கையில் எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்து, "பழைய ருசி வந்துடுச்சு" என்றார். பிறகு அம்மா, "சம்பந்தியம்மா, வெயில் ஏறிடுச்சு, வாங்க சாப்பிடலாம்" என்றாள். முருகையன் என் முகத்தைப் பார்த்தான். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சவரியம்மாளுக்கு வீடு கட்டுகிறார்கள், ரோட்டுக்கு இந்தப் பக்கம், மேட்டில். ஓடு போடும் வேலை நடக்கிறது. அதுவரைக்கும் நம் வீடுதான். அம்மாவும் அவரும் சேர்ந்துகொண்டு எனக்குச் சர்க்கரை இல்லாத காபி கொடுக்கிறார்கள். டாக்டர் சொன்னதாகச் சொல்கிறார்கள். எந்த டாக்டர் என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

போன கடிதத்தில் நீ ஒன்று கேட்டிருந்தாய், வந்தால் வீட்டுக்கே வரலாமா, இல்லை பாண்டிச்சேரியில் ரூம் போட்டுக்கொள்ளட்டுமா என்று. அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தேன். அதற்குப் பதில் சொல்கிறேன்.

நானும் அம்மாவும் சவரியம்மாளுமாக ஒரு பெட்டி தயார் செய்திருக்கிறோம். பெரிய எவர்சில்வர் சம்படம். மழைத் தண்ணீர் போகாமல் சைக்கிள் டியூபை வெட்டி மூடியைச் சுற்றி மாட்டியிருக்கிறேன். உள்ளே கொஞ்சம் உப்பு, ஒரு வேளாங்கண்ணி மாதா படம், நம் கோயில் குங்குமம், அம்மா பின்னிய ஒரு சுருக்குப் பை. அது எல்லாம் அவர்கள் இரண்டு பேரும் போட்டது. நான் வைத்தது நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். இந்தப் பெட்டியை நாங்கள் கம்ப்யூட்டரில் போடவில்லை. போட்டால் யாராவது ஒருவர் மறுநாளே வந்து நிற்பார், யோஹானா அம்மாவே வந்து நிற்பார். ஒரு புதுப் பெட்டியில் முதல் பெயர் எழுதுவதற்கு உங்கள் கூட்டத்தில் எவ்வளவு போட்டி என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இடத்து நம்பர் உங்கள் இருவருக்கு மட்டும்: வடக்கு 12 டிகிரி 11.642, கிழக்கு 79 டிகிரி 56.318. கருவியை வைத்து மூன்று தடவை பார்த்து எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தாலும் கஷ்டப்பட வேண்டாம். நம் வீட்டு வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அம்மா சாமி கும்பிடும் அறையில் இடது பக்கம் பார்த்தால் போதும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை. மாப்பிள்ளை பெயர் மேலே வரட்டும், உன் பெயர் கீழே வரட்டும், இல்லை உங்கள் இஷ்டம் போல எழுதுங்கள். லீவு எப்போது கிடைக்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. பொங்கலுக்குக் கிடைத்தால் நல்லது. மழைக் காலம் முடிந்திருக்கும், வழியெல்லாம் காய்ந்திருக்கும். அதற்கு முன்னால் கிடைத்தாலும் வாருங்கள். சேறாக இருந்தால் நான் ரோட்டுக்கே வந்து நிற்கிறேன்.

உங்கள் அப்பா
கலியமூர்த்தி